விற்பனை இல்லாத லாபம்: டெமோ டிரேடிங்கில் வரும் பணம் ஹலாலா?



 

ஜும்ஆவுக்கு அழைக்கப்பட்டால் வியாபாரத்தை விட்டுவிட்டு விரைந்து வாருங்கள் என்றும், தொழுகை முடிந்ததும் பூமியில் பரவிச் சென்று அல்லாஹ்வின் அருளைத் தேடுங்கள் என்றும் ஜுமுஆ அத்தியாயத்தின் 9, 10 வசனங்கள் நமக்குக் கட்டளையிடுகின்றன. ஸ்ரீமுஷ்ணத்தில் ஒரு வெள்ளிக்கிழமை இந்த வசனங்களை விளக்கிக்கொண்டிருந்தபோது, மூன்றாவது ஸஃப்பில் இருந்த ஒரு வாலிபர் சட்டைப் பையிலிருந்து போனை எடுத்து எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். அது டிசம்பர் மாதம். லண்டன் சந்தை திறப்பது குளிர்காலத்தில் நமக்குப் பகல் ஒன்றரை மணிக்கு. நம் குத்பா நேரமும் ஏறக்குறைய அதுதான்.

தொழுகை முடிந்ததும் அவரே என்னிடம் வந்தார். விருத்தாசலத்தில் பீங்கான் தொழில்நுட்ப டிப்ளமோ முடித்து, அங்கேயே ஒரு பட்டறையில் ஓராண்டு வேலை பார்த்தவர். அத்தா சவூதியில் இருக்கிறார். தங்கைக்கு நிக்காஹ் பேசி முடித்திருக்கிறார்கள்.

“ஹஸ்ரத், நான் செய்றது டிரேடிங்னு சொல்றாங்களே தவிர, டெமோ அக்கவுண்ட்தான். நிஜமா ஒரு பைசா மார்க்கெட்டுக்குள்ள போகல. வட்டி இல்ல, கடன் இல்ல, லெவரேஜ்கூட ஸ்கிரீன்ல காட்டுற நம்பர்தான். அப்ப ஹராம் எங்கேர்ந்து வரும்?”

நல்ல கேள்வி. இதே கேள்வியை மனதில் வைத்துக்கொண்டு யூடியூபில் பதில் தேடுபவர்கள் நம்மில் பலர். அதனால் இதைச் சற்று விரிவாகவே பார்ப்போம்.

டெமோ என்ற பெயரில் என்ன நடக்கிறது?

முதலில் செய்முறையைத் தெரிந்துகொள்ளுங்கள். ஒரு விஷயத்தின் வடிவம் தெரியாமல் அதன் சட்டத்தைச் சொல்ல முடியாது.

‘பிராப் ஃபர்ம்’ என்று அழைக்கப்படும் நிறுவனங்கள் இணையத்தில் ஒரு ‘சேலஞ்ச்’ விற்கின்றன. நீங்கள் கட்டணம் செலுத்தினால் பத்தாயிரம் டாலர், ஐம்பதாயிரம் டாலர், ஒரு லட்சம் டாலர் என்று ஒரு கணக்கு திறந்து தருவார்கள். அந்தத் தொகை திரையில் தெரியும் எண் மட்டுமே. தங்கம், டாலர்–யூரோ, அமெரிக்கப் பங்குக் குறியீடு போன்றவற்றின் விலை ஏறுமா இறங்குமா என்று கணித்து அதில் ‘வாங்கி’ ‘விற்க’ வேண்டும். பெரும்பாலும் எட்டு அல்லது பத்து சதவீத லாபம் காட்ட வேண்டும் என்பார்கள். ஒரே நாளில் ஐந்து சதவீதம், மொத்தத்தில் பத்து சதவீதம் என்பதுபோல் ஒரு நஷ்ட எல்லையும் இருக்கும். எல்லையைத் தாண்டினால் கணக்கு மூடப்படும், கட்டிய கட்டணம் போய்விடும். தேறினால் ‘ஃபண்டட் அக்கவுண்ட்’. அதிலும் பல நிறுவனங்கள் தருவது மாதிரிக் கணக்குதான். அவர்களின் விதிமுறைகளிலேயே சிறிய எழுத்தில் அது எழுதப்பட்டிருக்கும். அந்தக் கணக்கில் நீங்கள் காட்டும் கற்பனை லாபத்தில் எண்பது, தொண்ணூறு சதவீதத்தை நிஜப் பணமாக உங்களுக்கு அனுப்புவார்கள்.

ஆக, உள்ளே போனது நிஜப் பணம். நடுவே நடந்தது எல்லாம் மாதிரி. வெளியே வந்தது மீண்டும் நிஜப் பணம். இந்த வரிசையை மறந்துவிடாதீர்கள்.

சந்தையில் எதுவுமே வாங்கப்படவில்லை என்றால், சந்தையிலிருந்து லாபமும் வந்திருக்க முடியாது. அப்படியானால் உங்களுக்கு வந்த பணம் யாருடையது? சில நிறுவனங்கள், நன்றாகக் கணிப்பவர்களின் ஆர்டர்களைப் பார்த்துத் தங்கள் சொந்தப் பணத்தை நிஜச் சந்தையில் போடுவதாகச் சொல்கின்றன. அது உண்மையாகவும் இருக்கலாம். ஆனால் எல்லா நிறுவனங்களிலும் கண்ணுக்குத் தெரியும் வருமானம் ஒன்றுதான்: தோற்றவர்கள் கட்டிய கட்டணம். 2023 ஆகஸ்டில் அமெரிக்காவின் முன்பேரச் சந்தை ஆணையமான சிஎஃப்டிசி இப்படிப்பட்ட ஒரு நிறுவனத்தின் மீது வழக்குப் போட்டபோது, 1,35,000-க்கும் மேற்பட்ட வாடிக்கையாளர்களிடம் 31 கோடி டாலர் கட்டணம் வசூலாகியிருப்பதாகக் கூறியது. ஆணையம் நடந்துகொண்ட முறையில் இருந்த கோளாறுகளால் 2025-இல் நீதிமன்றம் அந்த வழக்கைத் தள்ளுபடி செய்துவிட்டது. எனவே அந்த நிறுவனம் குற்றம் செய்தது என்று நாம் சொல்வதற்கில்லை. கட்டணம் என்பது எவ்வளவு பெரிய ஆறு என்பதற்காக மட்டும் இதைச் சொல்கிறேன்.

வியாபாரம் இல்லையென்றால் என்ன மிச்சம்?

இப்போது அந்தத் தம்பியின் வாதத்துக்கு வருவோம். ‘இங்கே விற்பனையே இல்லை, ஆகவே விற்பனையில் வரும் ஹராமும் இல்லை’ என்கிறார். முதல் பாதி முற்றிலும் சரி. அந்தச் சரிதான் அவருக்கு எதிராகத் திரும்புகிறது.

அல்லாஹ் வியாபாரத்தை ஆகுமாக்கி, வட்டியைத் தடுத்திருப்பதாக பகரா அத்தியாயத்தின் 275-ஆவது வசனத்தில் கூறுகிறான். நிஸா அத்தியாயத்தின் 29-ஆவது வசனத்தில், ஒருவர் பொருளை இன்னொருவர் தவறான வழியில் உண்பதைத் தடுத்துவிட்டு, இருவரும் மனமொப்பிச் செய்யும் வணிகத்தை மட்டும் விலக்காக வைக்கிறான். அதாவது இன்னொருவர் பணம் லாபமாக உங்கள் கைக்கு வருவதை ஆகுமாக்குவது அந்த வணிகம்தான். ஒரு பொருள் கைமாறுகிறது. அது கெட்டுப்போனால் உங்கள் தலையில் விழும் என்ற பொறுப்பும் சேர்ந்தே வருகிறது. அதற்கு ஈடாகத்தான் லாபம். நீங்களே ‘பொருள் இல்லை, விற்பனை இல்லை’ என்று சொல்லிவிட்டால், லாபத்தை ஹலாலாக்கிய அந்த ஒரே காரணத்தை உங்கள் கையாலேயே எடுத்துப் போட்டுவிட்டீர்கள். மிச்சம் இருப்பது, நான் பணம் கட்டினேன், என் கணிப்பு பலித்தால் அதிகமாக வரும், பலிக்காவிட்டால் கட்டியதும் போகும் என்பது மட்டுமே. இதற்கு அரபியில் மைஸிர் என்று பெயர். தமிழில் சூது. மாயிதா அத்தியாயத்தின் 90, 91 வசனங்கள் இதை மதுவோடு சேர்த்துத் தடுக்கின்றன.

நம் முன்னோர்கள் இதைவிட எவ்வளவோ சிறிய விஷயத்துக்கே பயந்திருக்கிறார்கள். கையில் இல்லாததை விற்க வேண்டாம் என்று ஹகீம் இப்னு ஹிஸாம் (ரலி) அவர்களுக்கு நபி (ஸல்) அவர்கள் சொன்ன செய்தி அபூதாவூத், திர்மிதியில் இருக்கிறது. மர்வான் ஆளுநராக இருந்த காலத்தில், அரசுக் களஞ்சியத்திலிருந்து தானியம் பெறுவதற்கான சீட்டுகளை மக்கள் தானியத்தைக் கைப்பற்றும் முன்பே ஒருவருக்கொருவர் விற்றுக்கொண்டிருந்தார்கள். அபூஹுரைரா (ரலி) அவர்கள் நேரே போய் அவரைக் கண்டித்தார்கள். மர்வான் அதைத் தடை செய்தார். காவலர்கள் மக்களின் கைகளிலிருந்து அந்தச் சீட்டுகளைப் பிடுங்கியதைத் தாம் பார்த்ததாக அறிவிப்பாளர் சொல்கிறார். இது ஸஹீஹ் முஸ்லிமில் உள்ளது. சற்று யோசித்துப் பாருங்கள். அந்தச் சீட்டுக்குப் பின்னால் களஞ்சியம் இருந்தது, உள்ளே தானியமும் இருந்தது. இங்கே சீட்டுகூட இல்லை.

நம் விருத்தாசலம் ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்தில் மல்லாட்டை மூட்டை இறக்கி, எடை போட்டு, ஏலம் விடுவதைப் பார்த்திருப்பீர்கள். அங்கே விலை தவறிப்போனால் விவசாயிக்கு வலிக்கும், வாங்கியவருக்கும் வலிக்கும். ஆனால் மாலையில் மூட்டை ஒருவரிடம் இருக்கும், பணம் ஒருவரிடம் இருக்கும். அந்த ஏலத்தை வெளியே நின்று பார்த்து, ‘இன்று மூட்டை எட்டாயிரத்தைத் தாண்டும்’ என்று பணம் கட்டுகிறவரை நாம் வியாபாரி என்று சொல்வதில்லை.

இது நம்முடைய சொந்த ஊகம் அல்ல. இஸ்லாமிய ஒத்துழைப்பு அமைப்பின் சர்வதேச ஃபிக்ஹ் அகாடமி 1992-இல் ஜித்தாவில் கூடியபோது தன் 63-ஆவது தீர்மானத்தில் பங்குக் குறியீடுகளை வாங்கி விற்பதை ஆய்வு செய்தது. குறியீடு என்பது ஒரு கணக்கீட்டு எண். அதை விற்பது இருக்கவே முடியாத ஒன்றை விற்பது, அது அப்பட்டமான சூது என்று முடிவு சொன்னது. நிஜப் பணத்தில் நடந்த குறியீட்டு வர்த்தகத்துக்கே இந்தத் தீர்ப்பு.

“நான் திறமையால்தானே ஜெயிக்கிறேன்?”

அடுத்து அவர் கேட்டது இது. ஆறு மாதம் சார்ட் படித்திருக்கிறார், நோட்டுப் புத்தகம் நிறையக் குறிப்பு வைத்திருக்கிறார். உழைப்பு இல்லை என்று நான் சொல்லவே இல்லை.

அவருக்குத் தெரிந்த தொழிலை வைத்தே கேட்டேன். விருத்தாசலத்தில் ஒரு சூளையில் ஆயிரம் பீங்கான் பொம்மை அடுக்குகிறார்கள். முப்பது வருடம் அனுபவமுள்ள ஒருவர் மண்ணைப் பார்த்தாலே எத்தனை விரிசல் விடும் என்று சொல்லிவிடுவார். அவர் சூளை முதலாளியிடம் ‘ஆயிரம் பொம்மை செய்து தாருங்கள், விலை இவ்வளவு’ என்று ஒப்பந்தம் செய்தால் அது இஸ்திஸ்னா. ஹனஃபி இமாம்கள் அனுமதித்த வியாபாரம். அல்லது முதலாளி அவருக்குக் கூலி கொடுத்து ஆலோசனை கேட்டால் அதுவும் ஹலால். அதே மனிதர் பட்டறை வாசலில் உட்கார்ந்து, ‘ஆளுக்கு ஐந்நூறு போடுங்கள், நாற்பதுக்கு மேல் உடையுமா உடையாதா பார்ப்போம்’ என்றால்? அவர் அறிவு அதே அறிவுதான். மண்ணும் அதே மண்தான். ஒப்பந்தம் மாறிவிட்டது, சட்டமும் மாறிவிட்டது.

தம்பி சிரித்தார். “எங்க பட்டறையிலயும் அப்படி நடக்கும் ஹஸ்ரத்” என்றார்.

கணிப்பு எவ்வளவு உறுதியாக இருந்தாலும் பந்தயம் ஆகாது என்பதற்கு இதைவிடப் பெரிய சான்று ஒன்று உண்டு. ரோமர்கள் தோற்றபின் சில ஆண்டுகளில் மீண்டும் வெல்வார்கள் என்று ரூம் அத்தியாயத்தின் தொடக்க வசனங்கள் இறங்கியபோது, அபூபக்ர் (ரலி) அவர்கள் மக்கத்துக் குறைஷிகளோடு அதை வைத்துப் பந்தயம் கட்டினார்கள். உலகத்தில் எந்தச் சார்ட்டும் தர முடியாத உறுதி அது, அல்லாஹ்வின் வாக்கு. அந்தச் செய்தியைப் பதிவுசெய்யும் திர்மிதியின் அறிவிப்பிலேயே, இது பந்தயம் தடுக்கப்படுவதற்கு முன் நடந்தது என்ற விளக்கமும் சேர்ந்திருக்கிறது.

போட்டிப் பரிசு பற்றிய ஹதீஸும் இங்கே வரும். ஒட்டகம், குதிரை, அம்பு ஆகியவற்றில் தவிரப் பரிசுப் பந்தயம் இல்லை என்ற கருத்தில் வரும் அந்த ஹதீஸை வைத்து ஃபகீஹ்கள் நுணுக்கமாகப் பேசியிருக்கிறார்கள். அனுமதிக்கப்பட்ட குதிரைப் பந்தயத்தில்கூட, பரிசை ஒரு தரப்பு மட்டும் தந்தாலோ வெளியாள் தந்தாலோ கூடும். இரு தரப்பும் பணம் போட்டு, வென்றவர் எடுத்துக்கொள்வது என்றால் அது சூதாகிவிடும் என்பது ஹனஃபி, ஷாஃபி இரு மத்ஹபுகளிலும் உள்ள விதி. நம் காலத்துப் போட்டிக் கூப்பன்களைப் பற்றி ஃபிக்ஹ் அகாடமி 2003-இல் தோஹாவில் எடுத்த 127-ஆவது தீர்மானமும் அதே வழியில் செல்கிறது: கலந்துகொள்பவர்களின் கட்டணம் முழுவதுமோ அதில் ஒரு பகுதியோ பரிசுக்குள் போனால் கூடாது.

“கட்டணம் சாஃப்ட்வேருக்குத்தானே?”

இந்தப் பதிலை நிறுவனங்களே சொல்லித் தருகின்றன. கட்டணம் பந்தயப் பணம் அல்ல, மென்பொருளுக்கும் தரவுக்கும் உரிய சேவைக் கட்டணம் என்பார்கள். உண்மையில் அப்படி இருந்தால் சட்டம் மாறியிருக்கும். இரண்டு விஷயங்களை நீங்களே சோதித்துப் பாருங்கள்.

பத்தாயிரம் டாலர் கணக்குக்கும் ஒரு லட்சம் டாலர் கணக்குக்கும் மென்பொருள் ஒன்றே, விலைத் தரவும் ஒன்றே. கட்டணம் மட்டும் பல மடங்கு ஏறுகிறது. ஏன்? கிடைக்கக்கூடிய பரிசு ஏறுகிறது. அப்படியானால் கட்டணம் எதற்கான விலை?

இன்னொன்று. பல நிறுவனங்களில், தேறியவருக்கு முதல் தவணைப் பணத்தோடு கட்டணத்தையும் திருப்பித் தருவார்கள். சேவையை அதிகம் பயன்படுத்தியவர் அவர்தான். அவருக்குக் கட்டணம் திரும்பி வருகிறது. ஒரே நாளில் தோற்று வெளியேறியவருக்குத் திரும்பாது. கறிக்கடையில் எடைக்கூலி இப்படியா வாங்குகிறார்கள்? வென்றவருக்குத் திரும்பி, தோற்றவருக்குப் போய்விடும் பணத்துக்கு நம் ஊரில் என்ன பெயர் என்பது உங்களுக்கே தெரியும்.

எது கூடும்?

எல்லாவற்றையும் ஒரே கோலால் அடிப்பது ஆலிம்களின் வழி அல்ல. பணம் கட்டாமல், பணம் வாங்காமல், கற்றுக்கொள்வதற்காக மட்டும் டெமோவில் பயிற்சி செய்வதில் அடிப்படையில் தடை இல்லை. கல்லூரி மாணவர்கள் கணக்குப் பாடம்போல் இதைச் செய்யலாம்.

ஒரு நிறுவனம் உங்களிடம் ஒரு ரூபாயும் வாங்காமல், மாதச் சம்பளம் கொடுத்து, ‘நீ மாதிரிக் கணக்கில் செய், உன் முடிவுகளைப் பார்த்து நாங்கள் எங்கள் பணத்தைப் போடுகிறோம்’ என்றால் அது வேலை ஒப்பந்தம். யூசுஃப் அத்தியாயத்தின் 72-ஆவது வசனத்தில், காணாமல்போன அளவைக் கொண்டுவருபவருக்கு ஓர் ஒட்டகச் சுமை தருவதாக அறிவிக்கப்படுகிறது. வேலையை முடித்தால் இவ்வளவு என்று சொல்லும் இதைப் போன்றதை ஜுஆலா என்பார்கள். ஷாஃபி மத்ஹபில் இதற்குத் தனி அத்தியாயமே உண்டு. டெமோ டிரேடிங்கை ஆகுமானது என்று சொல்லும் சில அறிஞர்கள் இந்த ஜுஆலாவைத்தான் காட்டுகிறார்கள். அவர்கள் சொன்னதில் கட்டணம் இல்லாத வடிவத்தை நானும் மறுக்கவில்லை. ஆனால் அந்த வசனத்தில், தேடப் போகிறவரிடம் முன்பணம் வாங்கிக்கொண்டு, கிடைக்காவிட்டால் திருப்பித் தரமாட்டோம் என்று யாரும் சொல்லவில்லை.

கட்டணமே இல்லாத வேலையிலும் ஒரு கேள்வி மிஞ்சும்: நீங்கள் காட்டும் கணிப்பை வைத்து அந்த நிறுவனம் நிஜத்தில் எதை வாங்குகிறது? தங்கத்தையும் நாணயத்தையும் கைக்குக் கை மாற்ற வேண்டும் என்ற விதியை மீறி, ஓர் இரவு தாண்டினால் வட்டி ஏறும் மார்ஜின் கணக்கில் என்றால், பாவத்தில் துணைபோக வேண்டாம் என்ற மாயிதா 2-ஆவது வசனம் குறுக்கே நிற்கும். ஹலாலான கம்பெனிகளின் பங்குகளை உடனடி வர்த்தகத்தில் வாங்குகிறது என்றால் விஷயம் வேறு.

இதில் நம் நாட்டுச் சட்டமும் இருக்கிறது. 2024 மே மாதச் சுற்றறிக்கையில் செபி, நேரடிப் பங்கு விலைத் தரவை இப்படிப்பட்ட மாதிரி வர்த்தக விளையாட்டுகளுக்குத் தரக் கூடாது என்று சந்தைகளுக்கு உத்தரவிட்டது. 2024 நவம்பர் 4 அன்று, பட்டியலிடப்பட்ட பங்குகளின் விலையை வைத்து மெய்நிகர் வர்த்தகம் நடத்தும் தளங்கள் 1956, 1992 ஆண்டுகளின் சட்டங்களுக்கு எதிரானவை என்றும், அவற்றில் சேர்பவர்களுக்கு முதலீட்டாளர் பாதுகாப்போ புகார் வழியோ கிடைக்காது என்றும் பொதுமக்களை எச்சரித்தது. அனுமதியில்லாத அந்நியச் செலாவணித் தளங்களின் எச்சரிக்கைப் பட்டியலை ரிசர்வ் வங்கி 2022 செப்டம்பர் முதல் வெளியிட்டு வருகிறது. பணம் தராமல் ஏமாற்றினால் நீங்கள் போய் நிற்க ஒரு வாசல் இல்லை என்பதே இதன் பொருள். ‘இதை விட்டுவிட்டு நிஜ எஃப் அண்ட் ஓ-வுக்குப் போகிறேன்’ என்று சொல்பவர்களுக்கும் ஒரு தகவல்: 2022 முதல் 2024 வரையிலான மூன்று நிதியாண்டுகளில் அதில் இறங்கிய தனிநபர்களில் 93 சதவீதம் பேர் நஷ்டமடைந்ததாகவும், மொத்த நஷ்டம் 1.8 லட்சம் கோடி ரூபாய்க்கு மேல் என்றும் செபியே கணக்குச் சொன்னது. அதன் மார்க்கச் சட்டம் தனிப் பாடம்.

கைக்கு வந்துவிட்ட பணம்

தம்பி கடைசியில் கேட்டதுதான் அவருக்கு உண்மையான கேள்வி. அதைக் கேட்கும்போது குரல் தாழ்ந்துவிட்டது. ஒரே நிறுவனத்துக்கு மூன்று முறை கட்டணம் கட்டியிருக்கிறார். மொத்தம் 31,000 ரூபாய். இரண்டு முறை தோல்வி. மூன்றாவதில் தேறி 1,12,000 ரூபாய் வந்திருக்கிறது. அதில் 40,000-ஐ தங்கையின் நிக்காஹ் மண்டபத்துக்கு அட்வான்ஸ் கொடுத்துவிட்டார். அத்தாவிடம் ‘என் சம்பாத்தியம்’ என்று சொல்லியும் ஆயிற்று.

உங்களில் யாருக்கேனும் இதே நிலை இருந்தால், அவருக்குச் சொன்னதையே சொல்கிறேன். ஒப்பந்தம் செல்லாது என்றால் நீங்கள் கட்டிய பணம் உங்களுடையது. வட்டியிலிருந்து திருந்தியவருக்கு மூலதனம் உண்டு என்று பகரா 279-ஆவது வசனம் சொல்வது இங்கும் வழிகாட்டும். எனவே 31,000 அவருடையது. மீதி 81,000-ஐ அவர் வைத்துக்கொள்ளக் கூடாது. மண்டபத்துக்குப் போன 40,000-இல் 31,000-ஐச் சொந்தப் பணமாகக் கணக்கிட்டால், 9,000 மட்டுமே குறைகிறது. கையில் 72,000 இருக்கிறது. அந்த 9,000-ஐ வசதிப்படும்போது கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்க்கலாம். மண்டபத்தை ரத்து செய்யத் தேவையில்லை.

ஆகுமானது என்று நம்பி, அறியாமல் வாங்கியதை வைத்துக்கொள்ளலாம் என்று பகரா 275-இன் அடிப்படையில் சொன்ன அறிஞர்களும் உண்டு. இப்னு தைமிய்யா (ரஹ்) அவர்கள் அதில் முக்கியமானவர். அதையும் அவரிடம் மறைக்கவில்லை. ‘உனக்கு முன்பே சந்தேகம் இருந்ததா?’ என்று மட்டும் கேட்டேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, இருந்தது என்றார். சந்தேகத்தோடு வாங்கியவருக்கு அந்தச் சலுகை பொருந்தாது என்பதே என் கருத்து. ஹலாலும் தெளிவு, ஹராமும் தெளிவு, இடையில் இருப்பவற்றை விட்டு விலகுபவர் தம் மார்க்கத்தையும் மானத்தையும் காத்துக்கொள்கிறார் என்ற புகாரி, முஸ்லிமின் ஹதீஸ் அந்தச் சந்தேக நேரத்துக்கு உரியது.

நிறுவனத்துக்கே திருப்பி அனுப்ப வேண்டுமா என்று கேட்டார். வேண்டாம். அது அவர்களின் நியாயமான பொருளும் அல்ல. அனுப்பினால் இன்னொருவரை அதே வலையில் இழுக்கத்தான் பயன்படும். தோற்றுப்போன உரிமையாளர்கள் யார் என்று கண்டுபிடிக்க முடியாது. ஆகவே நன்மையை எதிர்பார்க்காமல், கடனில் தவிக்கும் ஏழைக்கோ மருத்துவச் செலவுக்கோ கொடுத்துவிட வேண்டும். ஜகாத்தாகவும் கணக்கில் சேர்க்க முடியாது. நம் பள்ளிவாசல் மாடிக்கு வசூல் நடப்பதைப் பார்த்துவிட்டு அந்த 72,000-ஐ அதிலேயே போட்டுவிடலாமா என்றும் கேட்டார். பள்ளிக் கட்டுமானத்துக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். விருத்தாசலம் அரசு மருத்துவமனையில் டயாலிசிஸுக்கு வாரம் இருமுறை பஸ்ஸில் போய் வரும் ஒரு குடும்பம் நம் தெருவிலேயே இருக்கிறது. பெயர் சொல்லாமல் அவர்களிடம் சேர்த்துவிடலாம்.